லோடு ஏற்றாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள்: புது பிக்கப் வாங்கும்முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பைபாஸ் ஓரத்து ஷோரூமிலிருந்து காலி வண்டியை எடுத்து, சமதரையில் 3 கி.மீ. போய், யூ-டர்ன் அடித்துத் திரும்பினால் எந்த பிக்கப்பும் பறக்கத்தான் செய்யும். கிளட்ச் மெதுவாக இருக்கும், கியர் வழுக்கிக்கொண்டு விழும், ஏசி குளுகுளுவென்று வீசும். முழு பாரம் ஏற்றிக்கொண்டு அதே வண்டி தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமிருந்து மேலேறும்போது இரண்டாவது கியரில் அழுவது அந்த மூன்று கிலோமீட்டரில் தெரியாது.

பிக்கப்பை ஓட்டிப் பார்ப்பது என்றால் உங்கள் சரக்கின் எடையோடு, உங்கள் மேட்டில், உங்கள் டிரைவர் கையில் ஓட்டிப் பார்ப்பது. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறோம்.

படி 1: ஷோரூம் போகும்முன் ஒரு காகிதக் கணக்கு

எந்த வண்டி என்பதை உங்கள் சரக்குதான் முடிவு செய்ய வேண்டும். இராயக்கோட்டை ரோஜாவும் சூளகிரி கொத்தமல்லித் தழையும் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. பெங்களூரா மாங்காயும் அரூர் மரவள்ளிக் கிழங்கும் இடம் நிறையும் முன்பே எடையைத் தாண்டிவிடும். முதல் வகைக்கு டெக்கின், அதாவது சரக்கு வைக்கும் பின்தட்டின் நீள அகலம் முக்கியம். இரண்டாம் வகைக்குக் கமான் பட்டையும் (பாரத்தைத் தாங்கும் இலை ஸ்பிரிங்) பிரேக்கும் முக்கியம்.

தக்காளிக் கணக்கைப் பார்ப்போம். மண்டிக் கிரேட் (தக்காளி அடுக்கும் பெட்டி) ஒன்று சுமார் 600 மி.மீ. நீளம், 400 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக் 2500-க்கு 1700 மி.மீ. இருந்தால் நீளவாக்கில் 4, அகலவாக்கில் 4, ஆக ஒரு அடுக்குக்கு 16 கிரேட். மூன்று அடுக்கு வைத்தால் 48. ஒரு கிரேட்டில் 25 கிலோ தக்காளி என்றால் 1200 கிலோ. காலிக் கிரேட் ஒவ்வொன்றும் 2 கிலோ என்றால் அதுவே 96 கிலோ. மொத்தம் 1296 கிலோ. ‘1250 கிலோ ஏற்றலாம்’ என்று எழுதியிருக்கும் வண்டியில் மூன்றாவது அடுக்கு முழுதாக நிற்காது என்பது வீட்டிலேயே தெரிந்துவிட்டது. உங்கள் கிரேட் வேறு அளவு, உங்கள் நிரப்பு வேறு எடையாக இருக்கலாம். தராசில் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு இதே கணக்கைப் போடுங்கள்.

படி 2: விளம்பர எடையும் உண்மை எடையும்

ஒவ்வொரு வண்டிக்கும் மொத்த எடை என்று ஒன்று உண்டு, ஆர்.சி.யிலும் (பதிவுச் சான்றிதழ்) அது ஏறும். அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் ஏற்றக்கூடியது வரும். பிரசுரத்தில் போடுவது அந்தக் கழித்தலின் சுத்தமான விடை. டிரைவர், கிளீனர், நீங்கள் போடப்போகும் கம்பிக் கூடு, தார்ப்பாய், ஸ்டெப்னிக்கு மேல் இன்னொரு டயர் எல்லாம் அந்த எண்ணுக்குள்ளிருந்துதான் போக வேண்டும். மொத்த எடை 2990 கிலோ, சொந்த எடை 1700 கிலோ என்றால் 1290 கிலோ. இரண்டு ஆட்களுக்கு 140, கூட்டுக்கு 100 கழித்தால் மிஞ்சுவது 1050.

மொத்த எடையை இப்படி 3000-க்குச் சற்றுக் கீழே வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவுப்படி மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. அதனால் ஒரே மாடலில் இரண்டு எடை வகை இருந்தால், கொஞ்சம் கூட ஏற்றலாம் என்பதற்காகப் பெரியதை எடுக்கும்முன் பர்மிட் செலவையும் சேர்த்துப் பாருங்கள். ஓட்டுவதற்கு எல்.எம்.வி. (இலகு ரக வாகன) உரிமம் போதுமா என்ற குழப்பம் பல ஆண்டுகள் இருந்தது. 7500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு அதுவே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

‘எல்லாரும் ரெண்டு டன் ஏத்துறாங்க சார்’ என்று விற்பனையாள் சொல்வார். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அவர் சொன்னதை எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார். வாரண்டியில் பட்டை உடைந்தால் முதலில் அவர்கள் தேடும் காரணமும் அதிக பாரம்தான்.

படி 3: டெமோ வண்டியைக் கேட்கும் விதம்

பதிவாகாத புது வண்டி சிவப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு, அதாவது டீலரின் டிரேடு சான்றிதழில் ஓடும். அதில் லோடு ஏற்றிக் கணவாய்க்குப் போகக் கேட்காதீர்கள். பதிவும் இன்சூரன்ஸும் உள்ள டெமோ வண்டிதான் வேண்டும் என்று முன்கூட்டியே போன் செய்து சொல்லுங்கள். சரக்கு வண்டி விற்கும் டீலர்களுக்கு இது புதிய கோரிக்கை அல்ல. நாள் குறித்துத் தருவார்கள்.

கேட்க வேண்டியவை: நீங்கள் வாங்கப்போகும் அதே எடை வகை, அதே எஞ்சின், அதே டெக் நீளம். ‘அதே வண்டிதான் சார், டெக் மட்டும் சின்னது’ என்றால் மறுத்துவிடுங்கள். டெக் நீண்டால் சக்கர இடைவெளியும் திரும்பும் வட்டமும் மாறும். மூட்டையை நாமே கொண்டு வருகிறோம் என்று சொன்னால் பாதித் தடை நீங்கும். 50 கிலோ மூட்டை 20 இருந்தால் ஒரு டன். பாரம் எந்நேரமும் மொத்த எடைக்குள் இருக்க வேண்டும். இது சோதனை, சாகசம் காட்டும் இடமல்ல.

அன்றாடம் ஓட்டப்போகிறவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். முதலாளி ஓட்டிப் பார்த்து வாங்கிய வண்டியில் டிரைவரின் முழங்கால் ஸ்டியரிங் தண்டில் இடிப்பது அடிக்கடி நடக்கும் கூத்து.

படி 4: நிற்கும் வண்டியில் டேப் வைத்து

ஐந்து மீட்டர் டேப்பும், காற்றழுத்த மீட்டரும், டார்ச்சும் கையில் இருக்கட்டும்.

டெக்கின் உள்ளளவை எடுங்கள், வெளியளவை அல்ல. சக்கரத்துக்கு மேல் எழும்பும் மேடு இருந்தால் அந்த இடத்து அகலத்தைத் தனியாக எடுங்கள். தரையிலிருந்து டெக்கின் உயரத்தையும் குறியுங்கள். நாளொன்றுக்கு நூறு கிரேட் தூக்குகிறவருக்கு 80 மி.மீ. கூடுதல் உயரம் தோள்வலியாக முடியும். பக்கக் கதவுகளை நீங்களே இறக்கி ஏற்றுங்கள். கொக்கி ஒரு கையால் கழல வேண்டும், ஏற்றியபின் ஆடக்கூடாது. கயிறு கட்டும் வளையம் பக்கத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். சில வண்டிகளில் பின்மூலையில் வளையமே இருக்காது. வெல்டிங் கடைக்குப் போய் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குனிந்து பின்னச்சைப் பாருங்கள். கமான் பட்டை எத்தனை இலை, பாரம் வந்தபின் மட்டும் உட்காரும் உதவிப் பட்டை தனியாக உண்டா, பட்டைக்கு மேல் ரப்பர் தடுப்புக்கும் அச்சுக்கும் எவ்வளவு இடைவெளி? அந்த இடைவெளியை அளந்து எழுதுங்கள், பிறகு தேவைப்படும். டயரில் அளவோடு பாரக் குறியீடும் இருக்கும். நான்கும் ஒரே வகையா என்று பாருங்கள். கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் காலிக்கும் பாரத்துக்கும் தனித்தனிக் காற்றழுத்தம் போட்டிருப்பார்கள். டெமோ வண்டியில் காற்று அதன்படி இருக்கிறதா? அதிகக் காற்றில் ஸ்டியரிங் லேசாகவும் மைலேஜ் நன்றாகவும் தோன்றும்.

படி 5: காலியாக ஒரு சுற்று

இதற்குப் பத்து நிமிடம் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் வரும்முன் சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டால் தெரியும். காலி மைதானத்தில் 40 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பிரேக் பிடித்தால் வண்டி நேராக நிற்கிறதா, பின்சக்கரம் வழுக்குகிறதா? பிக்கப் காலியாக இருக்கும்போது பின்னால் எடை இல்லை. அதனால்தான் பாரத்துக்கேற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வை அச்சருகே வைத்திருப்பார்கள். மழைநாளில் காலி வண்டி சுழலும் விபத்துகளுக்கு வேர் இங்கேதான். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ளதா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான்குவழிச் சாலையில் 60 முதல் 80 வரை போங்கள். பல சரக்கு வண்டிகளில் வேகம் 80-இல் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், அது குறையல்ல. ஆனால் 65, 70-இல் கேபின் தரையிலிருந்து அதிர்வு வந்தால் அது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோ சக்கர பேலன்ஸோ. காலியில் வரும் அதிர்வு பாரத்தில் மறையும், ஆனால் ஜாயிண்ட் தேய்வது நிற்காது.

படி 6: ஏற்றி, எடை மேடையில் நிறுத்தி

மூட்டைகளை ஏற்றியதும் முதல் வேலை எடை மேடை. முழு எடையை எடுத்தபின் பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒருமுறை எடுங்கள். சரக்கு முழுக்கப் பின்கதவை ஒட்டி இருந்தால் மொத்த எடை சரியாக இருந்தும் பின்னச்சு அதன் எல்லையைத் தாண்டியிருக்கும். முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் மிதக்கும். எடை கேபினை ஒட்டித் தொடங்கி, பின்னச்சுக்குச் சற்று முன்னால் மையம் கொள்ளும்படி வைக்க வேண்டும்.

இப்போது மறுபடி குனிந்து ரப்பர் தடுப்பின் இடைவெளியை அளந்து பாருங்கள். அனுமதித்த முழு பாரத்தில் பட்டை ஏறத்தாழ நேராகலாம். எதிர்ப்பக்கம் வளைந்தாலோ ரப்பர் தொட்டாலோ அந்த வண்டி உங்கள் சரக்குக்குச் சின்னது. நின்ற இடத்திலேயே தொட்டுவிட்டால், அஞ்செட்டிச் சாலையின் ஒரு பள்ளத்தில் அடி நேராகச் சட்டகத்துக்குப் போகும்.

படி 7: மேடு

சோதனையின் உயிர் இதுதான், நேரத்தை இங்கே செலவிடுங்கள். தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாயோ, பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலையோ போதும். ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு அஞ்செட்டிப் பக்கத்து மலைச்சாலை. தொப்பூரில் கனரக லாரிகளின் கூட்டம் அதிகம். பகல் வேளையில் போங்கள், மழையில் வேண்டாம். போக வர பாளையம் டோல் உண்டு.

ஏறும்போது பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, எந்த கியரில் எந்தச் சுற்றில் எஞ்சின் இழுக்கிறது என்பதை. பிரசுரத்தில் குதிரைத் திறனைப் பெரிதாகப் போடுவார்கள். உங்களுக்கு வேண்டியது டார்க், அதாவது எஞ்சினின் இழுவை; அதைவிட அது எந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்பது. 1400 முதல் 2200 வரை முழு டார்க் என்று எழுதியிருந்தால், மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது முள் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். இருந்தால் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வண்டி பதில் சொல்லும். கீழே இருந்தால் முனகி, இரண்டாவதுக்கு இறங்கச் சொல்லும். இரண்டாவதில் எஞ்சின் கத்தி, மூன்றாவதில் திணறினால் அந்த இரண்டு கியருக்கு நடுவில் உள்ள இடைவெளி உங்கள் மேட்டுக்குப் பொருந்தவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தக் கணவாயில் கிளட்ச்சைத்தான் மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

பாதி ஏற்றத்தில், பின்னால் வண்டி வராத பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுக் காலை எடுங்கள். முழு பாரத்தில் அது வண்டியைப் பிடிக்க வேண்டும். கிளீனர் கட்டையோடு தயாராக நிற்கட்டும். பிறகு அங்கிருந்தே கிளம்புங்கள். கிளட்ச் உதறாமல், வண்டி ஓரடிக்கு மேல் பின்னால் உருளாமல் எழ வேண்டும். மூன்றுமுறை செய்தபின் எரிந்த வாடை வந்தால் டிரைவரின் பழக்கமா வண்டியின் முதல் கியரா என்று பிரித்துப் பார்க்க, அடுத்தமுறை டீலரின் ஓட்டுநரையே கிளப்பச் சொல்லுங்கள். அவருக்கும் வாடை வந்தால் விடை தெரிந்துவிட்டது.

ஏறும் முழு நேரமும் ஏசியைப் போட்டு வையுங்கள், சித்திரை வெயிலில் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. வெப்ப முள் நடுவிலிருந்து நகர்கிறதா என்பதைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

இறக்கம்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் திசையில்தான் தொப்பூர் இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் அங்கே எத்தனை வண்டிகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது இரட்டைப் பாலம் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மூன்றாவதில் பிரேக்கைத் தொடாமல் வேகம் தானாக நிற்கிறதா, கூடிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். கூடினால் இரண்டாவது. இரண்டாவதிலும் பிடிக்கவில்லை என்றால் எஞ்சினின் தடுப்புச் சக்தி உங்கள் பாரத்துக்குப் போதாது. சின்ன பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளில் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இறங்கி முடிந்ததும் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களின் அருகே உள்ளங்கையைக் கொண்டு போங்கள், தொடாதீர்கள். நான்கில் ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெடல் ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கீழே போகிறதா என்பதையும் இப்போதே மிதித்துப் பாருங்கள்.

படி 8: மண்டியும் மண்சாலையும்

மேடு முடிந்தால் மற்றவை சீக்கிரம் முடியும். ஊருக்குள் இருபதடிச் சாலையில் எத்தனை மடக்கில் திரும்புகிறது என்று பாருங்கள். மண்டிக்குள் ரிவர்ஸில் போகும்போது டெக்கின் பின்மூலை கண்ணாடியில் தெரிகிறதா என்பது சென்சாரைவிட முக்கியம். கம்பிக் கூடு போட்டபின் நடுக்கண்ணாடி வீண், பக்கக் கண்ணாடி மட்டும்தான் கண்.

காட்டு வழி மண்சாலையில் 20 கி.மீ. வேகத்தில் போய்ச் சத்தங்களைக் கேளுங்கள். கதவு கிணுகிணுப்பதைச் சரிசெய்யலாம். பட்டைப் பக்கம் ‘டக்’ என்று ஒற்றைச் சத்தம் வந்தால் புஷ் அல்லது பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ-போல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருட்டியபின் ஐந்து நிமிடம் சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட் போடுங்கள். பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் வானத்துக்குப் போகும். டாஷ்போர்டில் ஹெட்லைட் உயரத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். பலர் இருப்பதே தெரியாமல் எதிரே வருகிறவர்களின் திட்டை வாங்குகிறார்கள்.

மைலேஜை இந்தச் சுற்றில் கண்டுபிடிக்க முயலாதீர்கள். 40 கி.மீ. ஓட்டினால் 3 லிட்டர் சொச்சம் செலவாகும். பம்ப்பில் நிரப்பும் அளவு அரை லிட்டர் மாறினாலே 13 என்பது 11 ஆகவோ 15 ஆகவோ தெரியும். அதற்குப் பதில் விடியற்காலை பாலக்கோடு அல்லது இராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் போய், அதே மாடல் வைத்திருக்கும் நாலு பேரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘அண்ணே, கிளட்ச் பிளேட் எத்தனையாவது கிலோமீட்டரில் மாத்தினீங்க?’ மைலேஜைக் கூட்டிச் சொல்வார்கள், இதைக் கூட்டிச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

படி 9: எந்த எஞ்சின்

டீசல் என்றால் புகை வடிகட்டியைப் பற்றிக் கேளுங்கள். பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியில் சேரும் கரியை எரித்துத் தள்ள, நிற்காமல் சிறிது நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். தினமும் காடு, மண்டி, வீடு என்று ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓட்டுகிறவருக்கு அது நடக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும், கண்டுகொள்ளாவிட்டால் எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அந்த விளக்கு எது, எரிந்தால் என்ன செய்வது என்று டெமோவிலேயே காட்டச் சொல்லுங்கள். நீல யூரியா திரவம் ஊற்ற வேண்டிய மாடலா, வேண்டாததா என்பதும் செலவுக் கணக்கில் சேரும்.

சி.என்.ஜி.யில் கிலோமீட்டருக்குச் செலவு குறையலாம், ஆனால் மேட்டில் இழுவை குறையும், சிலிண்டரின் எடை உங்கள் பாரத்திலிருந்து போகும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை வேறு. உங்கள் அன்றாட வழியில் பம்ப் இருக்கிறதா, வரிசை எவ்வளவு என்று ஒருநாள் போய் நின்று பாருங்கள். பூவும் தழையும் ஏற்றி நான்குவழிச் சாலையிலேயே ஓடுகிறவருக்கு இது பொருந்தும். மாங்காய் ஏற்றி மலைச்சாலையில் ஏறுகிறவருக்கு டீசலே எங்கள் தேர்வு.

படி 10: விலைச் சீட்டும் காகிதமும்

ஆன்ரோடு விலையை ஒரே எண்ணாக வாங்காதீர்கள். ஷோரூம் விலை, வரி, பதிவு, இன்சூரன்ஸ், பாஸ்டேக், ‘கையாளும் கட்டணம்’ என்று ஒவ்வொன்றும் தனி வரியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைச் சீட்டோடு ஒப்பிட்டு ‘தள்ளுபடி’ என்றால் ஏமாறாதீர்கள். இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாஸ்டேக்கில் டாடா ஏஸ் போன்ற மினி வண்டிகள் 4-ஆம் வகை, அதாவது கார் கட்டணம். அதற்கு மேல் எல்.சி.வி. (இலகு ரக வணிக வாகனம்) 5-ஆம் வகை. கிருஷ்ணகிரி டோலைத் தினமும் கடக்கிறவருக்கு இந்த ஒரு எண் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பேசும். புது வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) இரண்டு ஆண்டு, எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும்.

சர்வீஸ் சென்டருக்குள்ளும் ஒருமுறை போய், கிளட்ச் செட், பிரேக் ஷூ, முன் கண்ணாடி மூன்றும் இருப்பில் உண்டா, என்ன விலை என்று கேளுங்கள். அசோக் லேலண்டின் தோஸ்த் போன்றவை 2011 முதல் ஓசூரிலேயே உருவானவை, உதிரிபாகம் இங்கே மலிவாகக் கிடைக்கும் என்று ஊரில் நினைப்பு உண்டு. எந்த பிராண்டானாலும் கவுன்டரில் கேட்டுத் தெரிந்துகொள்வதே நம்பகம்.

படி 11: டெலிவரி அன்று

பணம் முழுதும் கட்டும்முன், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இன்வாய்ஸோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். படிவம் 21-இல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். டிசம்பரில் செய்ததை அடுத்த ஏப்ரலில் தருவதானால் விலையில் பேசுங்கள், விற்கும்போது ஒரு வயது கூடத் தெரியும். டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஸ்டெப்னியிலும் பாருங்கள், பழையது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். டிஃபரென்ஷியல் அடியிலும் கியர்பாக்ஸ் இணைப்பிலும் எண்ணெய் ஈரம் கூடாது. ஜாக்கி, சக்கர ஸ்பேனர், முக்கோணப் பலகை கையில் வாங்கியபின் கையெழுத்திடுங்கள்.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு முழு பாரம் ஏற்றாமல் முக்கால் பாரத்தில் ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதீர்கள். முதல் சர்வீஸில் எண்ணெய் மாற்றுவதைவிட ஒரு வேலையைக் கண்முன் செய்யச் சொல்லுங்கள்: பட்டையின் யூ-போல்ட் நட்டுகளையும் சக்கர நட்டுகளையும் டார்க் ஸ்பேனரால் மறுபடி இறுக்குவது. புதுப் பட்டைகள் பாரத்தில் அமுங்கி அமரும்போது அந்த நட்டுகள் தளரும். தளர்ந்தால் நடுப்போல்ட் உடைந்து அச்சு ஒருபக்கம் நகரும்.